பக்கவாதத்துக்குப் பிறகு வாழ்க்கையை மீட்டெடுப்பது எப்படி? நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் முழுமையான வழிகாட்டி

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தாரின் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறை, ஒரு பை நிறைய மாத்திரைகள் இருக்கும். உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிம்மதியில் வண்டி ஏறுவார்கள். மறுநாள் காலையில்தான் கேள்விகள் வரிசையாக வரும். கழிப்பறைக்கு எப்படி அழைத்துப் போவது? இட்லி தொண்டையில் சிக்காமல் இருக்க என்ன செய்வது? கை திரும்ப வருமா, வராதா? வராவிட்டால் பிழைப்பு?

நான் இயன்முறை மருத்துவர். பக்கவாதம் வந்தவர்களின் வீடுகளுக்கே சென்று பயிற்சி கொடுப்பது என் வேலை. நான் பார்த்தவரை, மீட்சியைத் தடுப்பதில் அலட்சியத்தைவிட அன்புக்குப் பங்கு அதிகம். “நீங்கள் சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிச் சொல்லியே, தானாகச் சட்டை மாட்டக்கூடியவரைக்கூடக் கட்டிலோடு இருத்திவிடுகிறோம். அவரால் செய்ய முடிந்ததை, எவ்வளவு நேரம் ஆனாலும், அவரே செய்ய விடுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் சொல்ல வருவது.

படி 1: என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பக்கவாதம் இரண்டு வகை. பெரும்பாலானவர்களுக்கு மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது. மற்றவர்களுக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. அடைப்பு வந்தவருக்குக் கொடுக்கும் ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை, கசிவு வந்தவருக்கு ஆபத்தாக முடியலாம். எனவே பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரைச் சீட்டைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். எந்த வகை? மூளையின் எந்தப் பக்கம்? காரணம் என்ன: ரத்த அழுத்தமா, சர்க்கரையா, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையா, கழுத்து ரத்தக்குழாய்ச் சுருக்கமா?

எந்தப் பக்கம் என்பது வீட்டில் தினமும் உதவும் தகவல். மூளையின் இடப்பக்கம் பாதித்தால் வலது கை கால் தளரும். பலருக்குப் பேச்சும் போகும். வலப்பக்கம் பாதித்தால் இடது கை கால் தளரும். சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் விழாது. தட்டின் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் “போதும்” என்பார்கள். பசி இல்லை என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். தட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள், மீதியையும் சாப்பிடுவார். தட்டின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, “இந்தச் சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்புங்கள்” என்று பழக்குவது பயன் தரும்.

படி 2: முதல் வாரங்களில் விட்டுவிடக் கூடாதவை

முதலில் விழுங்குதல். தண்ணீர், டீ, ரசம் போன்ற நீர்த்த பானங்கள் வேகமாக ஓடுவதால் அவைதான் மூச்சுக்குழாய்க்குள் எளிதில் போய்விடுகின்றன. ரசம் சாதம்போலக் கட்டியும் நீருமாகக் கலந்த உணவும் சிரமமே. கூழ், குழைந்த பொங்கல், மசித்த பருப்புச் சாதம் போன்றவை பலருக்கு எளிது. ஆனால் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை விழுங்கும் திறனைச் சோதித்த பேச்சு சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. பாதித்த பக்கக் கன்னத்தில் சோறு தங்கிவிடும். வாயைச் சுத்தம் செய்யுங்கள். குடித்த பிறகு இருமல், குரலில் களகளவென்ற ஈரச் சத்தம், காரணம் தெரியாத காய்ச்சல் என்று எது வந்தாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். மூக்குக் குழாய் இருந்தால், “ஒரு வாய் காபிதானே” என்று அனுமதியின்றிக் கொடுத்துவிடாதீர்கள். நுரையீரல் தொற்று இப்படித்தான் தொடங்குகிறது.

அடுத்து தோள். தளர்ந்த தோளில் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகளுக்கு வலுவில்லை. கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்கினால் மூட்டு இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். தூக்கும்போது இடுப்பைப் பிடியுங்கள். உட்காரும்போது கையைத் தலையணைமேல் தாங்கி வையுங்கள். உறவினர் வந்து பாசத்தோடு அந்தக் கையைப் பிடித்து இழுப்பதையும் தடுக்க வேண்டியிருக்கும்.

படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். உணர்ச்சி குறைந்த கையில் வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். கொப்புளம் வந்த பிறகும் அவருக்குச் சூடு தெரியாது.

வீட்டைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். குளியலறையில் சுவரோடு பதித்த கம்பி, அசையாத நாற்காலி, வழுக்காத விரிப்பு. இரவில் கழிப்பறை வரை வெளிச்சம். குந்தி உட்காரும் கழிப்பறையென்றால் அதன்மேல் வைக்கும் கமோடு நாற்காலி கிடைக்கிறது. கைத்தடி நல்ல கையில்தான் இருக்க வேண்டும். பாதித்த பக்கத்தில் கொடுப்பது பரவலாக நடக்கும் தவறு. படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பாதித்த கால் முதலில். சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியாக எடுக்க வேண்டும். பெண்களுக்கு மடிப்பு வைத்துத் தைத்த புடவையும், முன்பக்கம் திறக்கும் ரவிக்கையும், தங்கள் உடையைத் தாங்களே உடுத்தும் கௌரவத்தைத் திருப்பித் தருகின்றன.

படி 3: கைக்கும் காலுக்கும் பயிற்சி

சேதமான மூளைப் பகுதி திரும்ப முளைப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள பகுதிகள் அதன் வேலையைக் கற்றுக்கொள்கின்றன. அதற்குத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை நன்றாகவே தொடரும், பிறகு மெதுவாகும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தார். முதல் நாள்களில் கை அசையாதபோது நோயாளி நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யத் தொடங்குகிறார். பிறகு பாதித்த கையில் சிறிது அசைவு வந்தாலும் அதைப் பயன்படுத்தத் தோன்றுவதில்லை. பயன்படுத்தாமல் இருக்கவே மூளை பழகிவிடுகிறது. இந்த அடிப்படையில் 222 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளியானது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆனவர்களுக்கு, நல்ல கையில் உறை மாட்டி, இரண்டு வாரம் பாதித்த கைக்குத் தீவிரப் பயிற்சி தந்தார்கள். கையின் திறன் கூடியது. ஓராண்டு கழித்தும் அது நிலைத்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நீட்ட முடிந்தவர்களுக்கே இந்த முறை பொருந்தும். சிகிச்சையாளரைக் கேட்காமல் நல்ல கையைக் கட்டிப்போடாதீர்கள்.

எத்தனை முறை செய்ய வேண்டும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சி அமர்வுகளைக் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கையை ஒரு வேலைக்குப் பயன்படுத்திப் பழகும் அசைவுகள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 மட்டுமே என்று தெரிந்தது. விலங்குகளிடம் மூளை மாற்றத்தைக் காட்டிய ஆய்வுகளிலோ ஒரு நாளைக்குச் சில நூறு அசைவுகள். ஆக, நான் வந்து போகும் ஒரு மணி நேரம் ஒருபோதும் போதாது. மீதி அசைவுகள் வீட்டு வேலைகளில்தான் கிடைக்க வேண்டும்: டம்ளர்களை எடுத்து அடுக்குவது, பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது, கீரை ஆய்வது. பல்லாங்குழியை நான் எல்லா வீட்டிலும் சிபாரிசு செய்கிறேன். புளியங்கொட்டையை விரல் நுனியால் எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒன்றாக விடுவதைவிட நல்ல விரல் பயிற்சி எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளையும் எதிரே உட்கார்ந்து ஆடலாம்.

பலரும் ஸ்பாஞ்சு பந்தை வாங்கிக் கொடுத்து அமுக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு விரல் மடங்குவது எளிதில் வந்துவிடும், விரிப்பதுதான் கடினம். டம்ளரைப் பிடிப்பதைவிடப் பிடித்ததை மெல்ல விடுவதைப் பழகச் சொல்லுங்கள். கை இறுகிப்போய் விரிக்கவே முடியவில்லை என்றால், மருந்தும் ஊசியும் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் உரசினால், அதற்கென உள்ள கணுக்கால் பட்டை நடையை உடனே மாற்றிவிடும்.

கை இன்னும் அசையவே இல்லையா? கண்ணாடிப் பயிற்சி இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்பவர்களுக்காக உருவாக்கிய முறை இது. அவரும் பங்கேற்ற குழு 1999-இல் அதைப் பக்கவாதத்துக்கும் முயன்று வெளியிட்டது. மேசையில் ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, பாதித்த கையை அதன் பின்னால் மறைத்து வைக்க வேண்டும். நல்ல கையை அசைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையே பார்க்க வேண்டும். மறைந்திருக்கும் கையே அசைவதுபோலத் தோன்றும். செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மட்டுமே.

ஓர் எச்சரிக்கை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2015-இல் வெளியானது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிகமாகப் பயிற்சி கொடுத்தவர்களுக்குப் பலன் குறைந்தே இருந்தது. ஆரம்ப நாள்களில் ஒரேயடியாக நெடுநேரம் எழுப்பி வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை எழுப்புவதே நல்லது.

படி 4: இடது கையைப் பற்றிப் பேசியாக வேண்டும்

வலது கை போனவருக்கு நம் ஊரில் இன்னொரு துயரமும் சேர்ந்துகொள்கிறது. இடது கையால் சாப்பிடக் கூடாது, பணம் கொடுக்கக் கூடாது, பிரசாதம் வாங்கக் கூடாது என்று சிறுவயதில் ஊறிய பழக்கம். நன்றாகத் தெளிந்த பிறகும் பந்தியில் உட்கார மறுத்து, கல்யாணங்களுக்கே போகாமல் நின்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். இடது கையால் சாப்பிடுவதைவிட மனைவி ஊட்டுவதே மேல் என்று ஆண்டுக்கணக்கில் ஊட்டிக்கொள்பவர்களும் உண்டு.

வீட்டில் மூத்தவர் யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: “இந்தக் கைதான் இப்போது உங்கள் கை. இதால் சாப்பிடுங்கள்.” ஒரு வேளையாவது குடும்பமே அவரோடு உட்கார்ந்து ஸ்பூனால் சாப்பிட்டுப் பாருங்கள். விளிம்பு உயர்ந்த தட்டு, தடித்த பிடியுள்ள கரண்டி, தட்டு நகராமல் அடியில் ஓர் ஈரத்துணி போதும். பாதித்த வலது கை மேசைமேல், தட்டைத் தொட்டபடி இருக்கட்டும். சாப்பாட்டில் அதற்கும் ஒரு பங்கு வேண்டும். கையெழுத்தையும் இடது கைக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய கையெழுத்தையோ கைரேகையையோ பதிய வங்கியில் நடைமுறை இருக்கிறது.

படி 5: பேச்சு

பேச்சு போனவருக்கு அறிவு போய்விடவில்லை. மனத்தில் இருப்பதைச் சொல்லாக்கும் வழிதான் சேதமாகியிருக்கிறது. அவர் எதிரிலேயே “இவருக்கு ஒன்றும் புரியாது” என்று வந்தவர்களிடம் சொல்வது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

அவருக்குக் காது கேட்கும், கத்த வேண்டாம். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. “காபியா, டீயா?” என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். பிறகு காத்திருங்கள். பதினைந்து விநாடி மௌனம் நமக்குத் தாங்காது. ஆனால் அவருக்குச் சொல் வந்து சேர அந்த நேரம் வேண்டும். சொல்லைப் பிடுங்கி நீங்களே முடித்துவிடாதீர்கள். குடும்பத்தினர், கடை, கோயில், உணவு, மாத்திரை, வலி ஆகியவற்றின் படங்களை ஒரு நோட்டில் ஒட்டிக் கையருகே வையுங்கள்.

ஒரு வார்த்தையும் பேச வராதவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதையும், பழகிய பாடலையோ பிரார்த்தனையையோ பாடுவதையும் கண்டு வீட்டார் திகைப்பார்கள். பழக்கத்தில் ஊறியவை மூளையில் வேறு வழியாக வருகின்றன. சொற்களை ராகம் போட்டுச் சொல்ல வைத்துப் பேச்சை மீட்கும் சிகிச்சை 1973 முதல் இருக்கிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தெலுங்கோ சௌராஷ்டிரமோ என்றால் அதைச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள்.

ஸ்வீடன் கவிஞர் டோமஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990-இல் பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போயின. அதற்குப் பிறகும் அவர் கவிதைகள் வெளியாயின. இடது கைக்கென எழுதப்பட்ட பியானோ இசையை வாசித்தார். 2011-இல் நோபல் பரிசு பெற்றார். பேச்சு முழுமையாகத் திரும்பவே இல்லை.

படி 6: மனம் தளரும்போது

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கமின்மை, சாப்பிட மறுப்பது, பயிற்சி வேண்டாம் என்பது எல்லாம் அதன் முகங்கள். “தைரியமாக இருங்கள்” என்ற அறிவுரையால் இது தீராது. மூளையில் ஏற்பட்ட சேதமும் இதற்கு ஒரு காரணம். மாத்திரையும் ஆலோசனையும் பலன் தரும். சாவைப் பற்றிப் பேசினால் அதை அப்படியே நம்பி உடனே உதவி தேடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

சிலர் காரணமில்லாமல் அழுவார்கள்; துக்க வீட்டில் சிரித்தும் விடுவார்கள். இதுவும் மூளைப் பாதிப்பின் விளைவு, சிகிச்சை உண்டு. களைப்பும் அப்படித்தான். குளித்து முடித்ததற்கே படுத்துவிட்டால் அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். பயிற்சியைக் காலையில் தெம்பாக இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை எப்படி நிலைக்கும்? “எல்லாம் சரியாகிவிடும்” என்ற வாக்குறுதி இரண்டு மாதத்தில் பொய்த்துப்போகும். அதற்குப் பதில் கண்ணால் காணும் சாட்சி வேண்டும். மாதம் ஒருமுறை அவர் நடப்பதையும், கையை நீட்டுவதையும், பேசுவதையும் போனில் படம் பிடித்து வையுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும். வாரம் ஒரு குறிக்கோளை அவரே தேர்ந்தெடுக்கட்டும். “கை சரியாக வேண்டும்” என்பது பெரிது. “சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட வேண்டும்” என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சோதித்துப் பார்க்கலாம்.

பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டருக்கு 1868-இல், 45 வயதில் பக்கவாதம் வந்தது; இடப்பக்கம் முழுமையாகத் தேறவில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அவர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்குக் கொடுக்கச் செய்தது 1885-இல். எம்.ஜி.ஆர். 1984-இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, நியூயார்க்கில் சிகிச்சை பெற்று, பேச்சு தெளிவாகத் திரும்பாத நிலையிலும் 1985 பிப்ரவரியில் மீண்டும் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். இவர்கள் பழைய நிலைக்கு அப்படியே திரும்பியவர்கள் அல்லர். குறையோடு தங்கள் வேலைக்குத் திரும்பியவர்கள்.

படி 7: வீட்டில் அவருக்கு ஒரு பொறுப்பு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். பக்கவாதத்துக்கு முன் அவர் அந்த வீட்டில் என்னவாக இருந்தார் என்று எழுதிப் பாருங்கள். கணக்குப் பார்த்தவரா, கடைக்குப் போனவரா, சமையலில் உப்பு பார்த்தவரா, பிள்ளைகள் சண்டையைத் தீர்த்தவரா? அதில் ஒன்றை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். பால் கணக்கு, மின்கட்டணம் கட்டும் தேதி, பேத்தியின் வீட்டுப்பாடம் என்று எதுவாகவும் இருக்கலாம். தவறு வந்தால் வரட்டும், பொறுப்பைப் பிடுங்காதீர்கள். நிலம், திருமணம், கடன் பற்றிய பேச்சை அடுத்த அறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் கதை வேறு. ஆணுக்கு ஆறு மாதம் பயிற்சி தொடரும் வீட்டில், அம்மாவுக்கு ஆறு வாரத்தில் நின்றுவிடுகிறது. “எனக்கு எதற்கு வீண் செலவு” என்று அவரே சொல்வார், வீடும் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாதீர்கள். அதேபோல், கொஞ்சம் தேறியதும் அடுப்படி முழுவதையும் அவர் தலையில் கட்டாதீர்கள். உட்கார்ந்து காய் நறுக்கட்டும், பதம் சொல்லட்டும்; கொதிக்கும் குக்கர் வேண்டாம்.

கணவன் மனைவி நெருக்கம் பற்றி யாரும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. உடல்நிலை சீரான பிறகு பெரும்பாலோருக்குத் தடையில்லை. கூச்சப்படாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 8: இன்னொரு முறை வராமல்

பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, முன்பே ஒருமுறை வந்தவருக்கு வருவது. ரத்த அழுத்தம் பெரும்பாலானவர்களுக்கு 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டில் கருவி வாங்கிக் குறித்து வையுங்கள். அளவு சரியாக இருப்பது மாத்திரையால்தான்; “நார்மலாகிவிட்டது” என்று அதை நிறுத்துவதுதான் நான் காணும் மிகப் பெரிய தவறு. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவற்றை விட்டாக வேண்டும்.

புறா ரத்தம் தேய்த்தால் கை வரும் என்று இன்றும் நம்புகிறார்கள். வராது. மிதமாக எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், செய்யலாம். ஆனால் மூட்டை முறுக்கி இழுப்பவர்களிடம் போகாதீர்கள். எந்த வைத்தியத்துக்காகவும் இருக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று திடீரென வந்தால் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நேர எல்லை நாலரை மணி நேரம். வாய்வழியாகத் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

படி 9: பார்த்துக்கொள்பவரையும் பாருங்கள்

பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள் என்று ஒருவர் தலையிலேயே எல்லாம் விழுகிறது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளோடு ஓர் ஆய்வு நடந்தது, 2017-இல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து அவர்களையே மறுவாழ்வுச் சிகிச்சை கொடுக்க வைத்தார்கள். ஆறு மாத முடிவில் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. இதைப் பார்த்துக்கொள்பவர்களிடம் சொல்லவே எழுதுகிறேன்: மீட்சி மெதுவாக இருந்தால் அது உங்கள் குற்றம் அன்று. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் வேலையை உங்கள் பாசத்தால் மட்டும் ஈடுசெய்ய முடியாது. உறவினர் பழம் வாங்கி வருவதற்குப் பதில் வாரம் ஒரு பிற்பகல் வந்து உட்காரட்டும். நீங்கள் அந்த நேரத்தில் தூங்குங்கள்.

படி 10: உதவியும் உரிமையும்

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையமும் இருக்கின்றன.

நிலைமை ஓரளவு நிலைபெற்ற பிறகும் குறை மிச்சமிருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பல சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு அளவுகோல். கை கால் இயக்கக் குறைபாடும் பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் அடங்கும். “எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை” என்ற கூச்சத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். அரசு ஊழியர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஆறு மாதம் ஆன பிறகு

“ஆறு மாதத்தில் வந்தால்தான் வந்தது” என்ற பேச்சை எல்லாக் குடும்பங்களும் கேட்டிருக்கும். வேகம் குறைவது உண்மை. ஆனால் பயிற்சி தொடர்ந்தால் ஆண்டுகள் கழித்தும் ஒரு விரல் கூடுதலாக விரிவதும், நடை உறுதிப்படுவதும், புதிய சொற்கள் வருவதும் நடக்கின்றன. அதனால் ஆறாம் மாதத்தில் பயிற்சியை நிறுத்தாமல், மறுமதிப்பீட்டுக்குப் போங்கள். மாதாமாதம் எடுத்த வீடியோக்களையும், ரத்த அழுத்தம் குறித்த நோட்டையும், இப்போது அவர் தானாகச் செய்யும் வேலைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு எதைக் குறி வைக்கலாம் என்ற கேள்வியை மருத்துவரிடம் அவரே கேட்கட்டும். பேச வராவிட்டால் எழுதியோ படத்தைக் காட்டியோ கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதிலைக் குறித்துக்கொண்டால் போதும்.